பதினேழு ஓட்டை வளையம்

அத்தியாயம் 9

ஏரிக்கரைக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருக்கும்போதே திருவேங்கடம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிரயோஜனமில்லை. நாற்றம் ஏற்கெனவே உள்ளே வந்து பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டிருந்தது.

"இந்து, இந்த ஊர்ல மாம்பழத்தைக் கொன்னு பொதைச்சிட்டாங்களா?"

"பொதைச்சிருந்தா பரவாயில்லைங்க. பொதைக்காம விட்டுட்டாங்க. அதான் கேஸே" என்றாள் இந்திராணி.

இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளுக்கு அடியில் தவழ்ந்தவள் அவள். எந்த வண்டி உண்மையாகவே மோதியது, எந்த வண்டியை வேண்டுமென்றே மோதவைத்தார்கள் என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிப்போனது. வேலையை விட்ட பிறகு திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினாள். உதவியாளருக்கு விளம்பரம் கொடுக்கவில்லை. பஸ் கண்டக்டராக ரிட்டையர் ஆகி வீட்டில் சும்மா இருந்த கணவர் திருவேங்கடமே போதும் என்று முடிவு செய்தாள். கார் ஓட்டுவார், டீ வாங்கி வருவார், கேட்காமலே கருத்தும் சொல்வார்.

விஜயபுரம் பக்கத்து அந்தச் சின்ன ஏரி மஞ்சளாகக் கிடந்தது. சீழ் பிடித்த புண்ணின் மஞ்சள். தோலும் கொட்டையும் நாருமாய் நுரைத்து மிதந்தது. அதற்கு நடுவே வெள்ளை வயிற்றைக் காட்டியபடி மீன்கள். ஓரமாக ஒதுங்கிய கூழில் ஏதோ நெளிந்தது. இந்திராணி உற்றுப் பார்த்துவிட்டு, பார்த்திருக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரையில் தனியாக நின்றிருந்த பெண் ஓடி வந்தாள். வெங்கடலட்சுமி. காலையில் போனில் அழுதவள்.

"அம்மா, வந்துட்டீங்களா! நாளைக்குக் காலைல கோர்ட்டுக்கு இஸ்துக்கினு போறாங்களாம்மா. அந்தாளு நாத்தம் புடிச்ச வேலை செய்யுறாரு, இல்லேங்கல. நாத்தம் புடிச்ச புத்தி கெடையாதும்மா."

விஷயம் இதுதான். அவள் கணவன் கங்கையா, சித்தூர் பக்கத்து மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் கழிவை லாரியில் ஏற்றி, மலையடிவாரத்து உரக்குழியில் கொட்டுகிறவன். அப்பன், தாத்தா எல்லாரும் அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தின் முதல் சொத்து அந்தப் பழைய லாரி. ஐந்து நாள் முன்பு விடியற்காலையில் யாரோ ஒரு வண்டி நிறையக் கழிவை இந்த ஏரியில் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள். மீன் செத்தது, இரண்டு எருமை செத்தன, கரையோர போர்வெல் தண்ணீரும் கெட்டது. இன்று காலை போலீஸ் கங்கையாவைப் பிடித்துப்போய்விட்டது.

"ஏன் கங்கையாதான்னு முடிவு பண்ணாங்க?"

"செவப்பு எண்ணெய்ம்மா." வெங்கடலட்சுமி கரை மேட்டைக் காட்டினாள். மண்ணில் அண்டா மூடி அகலத்துக்கு ஒரு கறை. "மத்த லாரிக்கெல்லாம் கியர்ல கருப்பா, கெட்டியா ஊத்துவாங்க. எங்குளுது கிளட்ச்சே இல்லாத லாரி, தானா கியர் மாத்திக்கும். அதுக்கு மட்டுந்தான் இந்தச் செவப்பு எண்ணெய். இந்தச் சுத்துவட்டாரத்துல வேற யார்கிட்டயும் அந்த மாதிரி லாரி இல்லைன்னு நாராயணசாமி அய்யாதான் போலீசுல சொன்னாரு."

"யார் அவர்?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு நீல நிற டேங்கர் வந்தது. பக்கவாட்டில் தமிழிலும் தெலுங்கிலும் 'நாராயணசாமி இலவசக் குடிநீர்' என்று எழுதி, இரண்டு பக்கமும் தாமரை வரைந்திருந்தது. எங்கிருந்தோ பெண்கள் குடங்களோடு முளைத்தார்கள். டேங்கர் கரை மேட்டில் ஏறி நின்றது. டிரைவர் திலீப் குதித்து இறங்கிக் குழாயைத் திறந்தான்.

"டிரைவர்னா இவன் டிரைவர்" என்றார் திருவேங்கடம். "இந்த மேட்டுல ஒரு குலுக்கல் இல்லாம ஏத்துறான் பாரு. என் பஸ்ஸை இவன் ஓட்டியிருந்தா எனக்கு மூட்டு வலியே வந்திருக்காது."

வரிசையில் நின்ற பொன்னியம்மாள் என்ற அம்மாள் வெளியூர் மனிதர் ஆயிற்றே என்று அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினாள். வெயில் வேறு. திருவேங்கடம் கடகடவென்று குடித்தார்.

"தண்ணியில கூட மாம்பழ வாசனை அடிக்குதே, அம்மா!"

"காத்துல இருக்கிற நாத்தம்பா அது. நாங்க துன்ற சோத்துலயும் அதான் அடிக்குது." பொன்னியம்மாள் சொல்லிக்கொண்டே வெங்கடலட்சுமி பக்கம் பார்த்து, தரையில் காறித் துப்பினாள். "எல்லாம் கங்கையா பொண்டாட்டி குடுத்த சீரு."

வெங்கடலட்சுமி ஒதுங்கிக்கொண்டாள். வரிசையில் போய் நிற்கவில்லை. இந்திராணிக்கு ஏரியைப் பார்த்தபோது வந்த குமட்டலைவிட இந்தத் துப்பலைப் பார்த்து வந்த குமட்டல் பெரிதாக இருந்தது.

அவள் சிவப்புக் கறையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"சொட்டுச் சொட்டா விழுந்த கறை இல்லைங்க. மொத்தமா கொட்டியிருக்கு. வண்டி இங்க வந்து படுத்துடுச்சு. கியர் பெட்டியோட அடித்தட்டைக் கழட்டி ரிப்பேர் பண்ணியிருக்காங்க. அப்படின்னா எண்ணெய் ஒழுகாம நடுவுல வச்சிருந்த பழைய பேக்கிங்கைக் கழட்டி எங்கயாவது வீசியிருக்கணும். தேடுங்க."

"எங்க தேடுறது?"

"நாத்தம் அதிகமா இருக்கிற எடத்துல."

"உன்னைக் கல்யாணம் பண்ணிக்கும்போது எங்கப்பா ஜாதகம் மட்டும்தான் பார்த்தாரு. இதைப் பார்க்கலை" என்று முனகியபடி அவர் பேண்டை மடித்துக்கொண்டு வேலிக்காத்தான் புதருக்குள் இறங்கினார். கால் மணி நேரம் கழித்து, குச்சி நுனியில் எதையோ தூக்கிக்கொண்டு, முகத்தை முடிந்தவரை தூரமாக வைத்துக்கொண்டு வந்தார்.

தடித்த அட்டையில் வெட்டிய பெரிய வளையம். ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. சிவப்பு எண்ணெயில் ஊறி, அதன்மேல் ஈயும் கூழும் அப்பியிருந்தது. சுற்றிலும் போல்ட் போகிற ஓட்டைகள். இந்திராணி கைக்குட்டையால் வழித்துவிட்டு எண்ணினாள்.

"பதினேழு. ஒரு ஓட்டைக்குப் பக்கத்துல ஒட்டினாப்பல இன்னொன்னு. வாங்க, ஸ்டேஷனுக்கு."

*

ஸ்டேஷன் வளாகத்தில் கங்கையாவின் லாரி வேப்பமரத்தடியில் நின்றது. இந்திராணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் புகுந்தாள். சப் இன்ஸ்பெக்டர் கிரண்குமார் சிரிப்பை அடக்கியபடி நின்றார். திருவேங்கடம் பெருமையாக, "எங்க வீட்டுல சமைக்கிற நேரத்தைவிட இப்படிப் படுத்திருக்கிற நேரம்தான் ஜாஸ்தி சார்" என்றார்.

கியர் பெட்டியின் வலது பக்கத்தில் ஒரு சின்னத் தகடு, பெயிண்டில் மூழ்கிக் கிடந்தது. சாவியால் சுரண்டி, அதிலிருந்த மாடல் எண்ணை அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு அடித்தட்டின் போல்ட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். வெளியே வந்தபோது தலைமுடியில் வேப்பஞ்சருகு.

"பதினாலு போல்ட் சார். ஏரியில கெடைச்ச பேக்கிங்ல பதினேழு ஓட்டை. இந்த லாரி பேக்கிங் இல்லை அது."

கிரண்குமார் வளையத்தைத் தொடாமலே குனிந்து பார்த்தார். "மேடம், இதி பேப்பர் முக்கா. காகிதத் துண்டு. யாரு வேணா எத்தனை ஓட்டை வேணா போடலாம். ஆட்டோமேட்டிக் லாரி நம்ம பக்கத்துல இது ஒண்ணுதான். இன்னொண்ணைக் காட்டுங்க, நான் இவனை விட்டுடறேன். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும்தான் என் கையில."

கம்பிக்குப் பின்னால் கங்கையா எழுந்து நின்றான். சட்டையில் யாரோ சாணி எறிந்த கறை காய்ந்திருந்தது.

"அம்மா," என்றான் மெதுவாக, "என் பொஞ்சாதிகிட்ட சொல்லுங்க. நான் தெனமும் குளிச்சுட்டுத்தான் வூட்டுக்குள்ள போவேன். அவளுக்குத் தெரியும். ஏரியில போய்க் கொட்டுவனா?"

இந்திராணி உள்ளங்கையில் எழுதிய எண்ணை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். காரில் ஏறியதும், "சித்தூர் போங்க" என்றாள்.

*

சித்தூர் பைபாஸ் ஓரத்தில் பாபுவின் கடை. பழைய கனரக வண்டிகளின் கியர் பெட்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பவர். தரையில் கால் வைக்க இடமில்லாமல் பல்சக்கரங்கள் கிடந்தன. பாபு வளையத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"தீஞ்ச எண்ணெய். அதோட வேற என்னமோ."

"வேற என்னமோவை நாங்க இங்க வர்ற வழி பூரா முகர்ந்துக்கினு வந்தோம்" என்றார் திருவேங்கடம்.

"இதைப் போட்டவனைப் புடிச்சு உதைக்கணும்மா. அட்டையில வெட்டிப் போட்டிருக்கான்! இது சாதா லாரி மெக்கானிக் பண்ற வேலை. சாதா கியர் பெட்டியில எண்ணெய் கெட்டியா இருக்கும், சும்மா தேங்கிக்கெடக்கும். காலண்டர் அட்டையைச் சுத்தியலால தட்டி வெட்டிப் போட்டாக்கூட ஓடும். ஆட்டோமேட்டிக்ல எண்ணெய் தண்ணி மாதிரி, கொதிச்சுக்கினு சுத்தும். அட்டை ஊறிப் பிச்சுக்கும். எண்ணெய் கொட்டுச்சா, வண்டி அவ்வளவுதான். தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. கட்டி இழுத்தா உள்ள எல்லாம் பொசுங்கிடும்."

இந்திராணி மெல்லச் சொன்னாள். "அதனாலதான் ஏரி. நிறையக் கழிவோட கரையில வண்டி படுத்துடுச்சு. விடிஞ்சா வயலுக்கு வர்றவங்க பார்த்துடுவாங்க. அதுக்குள்ள வால்வைத் திறந்து காலி பண்ணிட்டு, புது அட்டை வெட்டி மாட்டிக்கினு போயிருக்காங்க." பிறகு உள்ளங்கையைக் காட்டினாள். "கங்கையா லாரி இந்த எண். அதுக்கு இது சேராதில்ல?"

"சேரவே சேராதும்மா. ரெண்டும் ஒரே கம்பெனிதான். வெளியில பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா அண்ணன் சட்டை தம்பிக்குத் தொளதொளன்னு இருக்கும். ஃபில்டர் சேராது, அடித்தட்டு சேராது, ஒரு வாஷர்கூட சேராதுன்னு வச்சுக்கோங்க. பதினாலு போல்ட்டுன்னா சின்னது. குவாரி டிப்பர்ல வரும். பதினேழுன்னா பெருசு. அது நம்ம ஊருக்கு ஒரே வண்டியிலதான் வந்துது."

"எதுல?"

"ஏர்போர்ட் தீயணைப்பு வண்டி. பழசானதும் ஏலம் விடுவாங்க. ரெண்டு வருஷம் முன்ன மெட்ராஸ்ல ஏலம் எடுத்த ஒண்ணு இந்தப் பக்கம் வந்ததா கேள்வி. போன மாசம் ஒரு போன் வந்துச்சு, இதுக்கு ஃபில்டர் இருக்கான்னு. அடித்தட்டு போல்ட்டை எண்ணிச் சொல்லுய்யான்னேன். பதினேழுன்னான். ஸ்டாக் இல்லை, வரவழைக்க நாளாகும்னேன். கட் பண்ணிட்டான். பேரு சொல்லலை."

திருவேங்கடம் சிரித்தார். "தீயணைப்பு வண்டியை ஒளிச்சு வைக்க முடியுமா, இந்து? செக்கச்செவேல்னு, ஆனை மாதிரி..."

"செவப்பு பெயிண்ட் எத்தனை நாளைக்குங்க இருக்கும்? அதைச் சொரண்டிட்டுப் பாருங்க. மிச்சம் என்ன இருக்கும் அந்த வண்டியில?"

"என்ன இருக்கும்? நாலு டயரு, ஒரு எஞ்சினு, பின்னாடி பெரிய தண்ணி டேங்கு..."

அவர் நிறுத்தினார். முகத்திலிருந்த சிரிப்பு ஒவ்வொரு பாகமாகக் கழன்று விழுந்தது.

"இந்து. அந்தக் கரை மேடு. குலுக்கலே இல்லாம ஏறிச்சு."

"ம்."

"முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னுக்கினே சீட்டு கிழிச்ச காலு இது. எந்த டிரைவரா இருந்தாலும், எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும், மேட்டுல கியர் மாத்தும்போது வண்டி ஒரு மூச்சு விட்டுத்தான் புடிக்கும். முழங்காலுக்குத் தெரியும். அந்த டேங்கர் மூச்சே விடலை. அது நல்ல டிரைவர் இல்லை, இந்து. அதுல கிளட்ச்சே இல்லை."

"ம்."

"அப்ப அந்தத் தண்ணியில வந்த மாம்பழ வாசனை..."

"காத்துல வந்தது இல்லைங்க."

திருவேங்கடம் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் ஓடினார். பாபு ஒன்றும் புரியாமல் இந்திராணியைப் பார்த்தார். அவள் போனை எடுத்து கிரண்குமாரைக் கூப்பிட்டாள்.

"சார், சாயந்தரம் நாலு மணிக்குத் தண்ணி டேங்கர் வர்றப்ப ஏரிக்கரைக்கு வாங்க. இன்னொண்ணைக் காட்டுறேன்."

*

நாலு மணிக்கு நீல டேங்கர் வந்தது. இப்போது நாராயணசாமியும் கூட வந்திருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். குடங்களோடு நின்ற பெண்களுக்குக் கைகூப்பினார். ஜீப்பிலிருந்து கிரண்குமார் இறங்குவதைப் பார்த்ததும் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

"வாங்க சார், வாங்க. ஊருக்கு ஒரு கஷ்டம்னா நாம நிக்கணும் இல்லையா?"

இந்திராணி அவர் சொல்லி முடிக்கக் காத்திருக்கவில்லை. நேராக டேங்கருக்கு அடியில் புகுந்தாள்.

"இன்னாம்மா இது! தர்ம வண்டிக்கு அடியில பொம்பள பூந்துக்கினு..." என்று நாராயணசாமி பதறினார்.

"சார், நீங்களும் வாங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "சட்டை அழுக்காகும். பரவாயில்லை."

கிரண்குமார் தயங்கினார். பிறகு தொப்பியைத் திருவேங்கடத்திடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். உள்ளே டார்ச் வெளிச்சம் ஆடியது. "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணுவது கேட்டது. பதினேழில் நின்றது. அடித்தட்டின் விளிம்பில் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது.

"இதையும் பாருங்க சார்" என்றாள் இந்திராணி. "இந்த போல்ட் பக்கத்துல ஒரு பழைய ஓட்டை. மரை தேஞ்சதால ஒட்டினாப்பல புதுசா ஓட்டை போட்டு மாட்டியிருக்காங்க. இப்ப வளையத்தை வச்சுப் பாருங்க."

வளையம் தட்டின்மேல் உட்கார்ந்தது. பதினேழும் பொருந்தியது. ஒட்டிய அந்தப் பதினெட்டாவது ஓட்டை, தேய்ந்துபோன பழைய ஓட்டையின் மேல் அப்படியே போய் நின்றது. அது எந்த வண்டிக்கும் இருக்க முடியாது, இந்த ஒரு வண்டியைத் தவிர.

கிரண்குமார் வெளியே வந்தார். முகத்தில் எண்ணெய். டிரைவர் திலீப்பைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலைல இதுல என்னடா ஏத்தின?"

திலீப் நாராயணசாமியைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை மாறியதுதான் திலீப்பை உடைத்தது.

"கங்கையாவைவிடக் கொறைச்ச காசுக்குக் கழிவை எடுக்கிறோம்னு ஃபேக்டரியில பேசினாரு சார். பாதி லோடு எங்குளுக்கு வந்துச்சு. விடியக்காலைல அது. விடிஞ்சப்புறம் இது."

"எது?"

"தண்ணி சார்."

"நடுவுல?"

"ஓஸ் பைப்புல ஒரு தடவ அடிச்சுக் கழுவி ஊத்துவோம் சார்."

யாரோ ஒருத்தியின் கையிலிருந்து குடம் விழுந்தது. பொன்னியம்மாள் வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து ஓங்கரித்தாள். ஏரியில் கொட்டியவன், அந்த ஊர்க் கஷ்டத்துக்காக உருகியவன், அதன் பழியைக் கங்கையா மேல் போட்டவன், அதே டேங்கில் ஐந்து நாளாக ஊருக்கே ஊற்றிக் குடிக்கவும் வைத்தவன். எல்லாம் ஒரே வெள்ளைச் சட்டைக்குள் நின்றது. ஏரி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். இதற்கு எதைப் பொத்திக்கொள்வது என்று இந்திராணிக்குத் தெரியவில்லை.

நாராயணசாமி மட்டும் நிதானமாக இருந்தார். சிரிக்கக்கூட முயன்றார்.

"கிரண் சார், டிரைவர் பசங்க தப்பு. எனக்குத் தெரியாது. ஆனாலும் என் வண்டி, நான் பார்த்துக்கறேன். ஏரியை நானே சுத்தம் பண்ணித் தரேன். கங்கையாவை விட்டுடுங்க, பாவம். கேஸு கீஸு எதுக்கு? நம்ம ஊர் விஷயம், உள்ளுக்குள்ள பேசிக்கலாம்." அவர் கூட்டத்தில் நின்ற நாலைந்து பெரியவர்களைப் பார்த்தார். "இன்னாப்பா சொல்றீங்க?"

நம்ப முடியாதது நடந்தது. அவர்களில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். ஒருவர், "அய்யா கோயிலுக்கெல்லாம் செஞ்சவரு" என்று இழுத்தார்.

திருவேங்கடம் இந்திராணியின் காதருகே குனிந்தார். "குடிச்ச தண்ணியைவிட இதான் இந்து கொமட்டுது." அவர் ஜோக்கடிக்கவில்லை.

கிரண்குமார் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். "கங்கையாவை இப்பவே விடச் சொல்லிடறேன்" என்று போனில் நாலு வார்த்தை பேசினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஆனா கங்கையா மேல கம்ப்ளைண்ட் குடுத்ததே இவருதான். இவர் மேல கேஸ் நிக்கணும்னா யாராவது கம்ப்ளைண்ட் குடுக்கணும். கெட்டது உங்க ஏரி, குடிச்சது நீங்க. யார் குடுக்கறீங்க?"

யாரும் முன்னால் வரவில்லை. குடங்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நாராயணசாமி சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வெங்கடலட்சுமி வந்தாள். அவளுக்கு யாரும் வழிவிடவில்லை. அவளே தோள்களை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் குடுக்கறேன் சார். எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லும்மா," என்றார் நாராயணசாமி மென்மையாக. "உன் வூட்டுக்காரன் வந்துடுவான். அப்புறம் உனுக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு? நாளைக்கும் நீ இதே ஊர்லதான் இருக்கணும்."

"ஆமா, இருப்பேன். அதுக்குத்தான் குடுக்கறேன்" என்றாள் அவள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. "சும்மா வுட்டா, அய்யா பெரிய மனசு பண்ணிக் கங்கையாவைக் காப்பாத்தினாருன்னு நாளைக்கு இந்த ஊரே பேசும் சார். செஞ்சவன் யாருன்னு எழுத்துல இருக்கணும்."

கிரண்குமார் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்தார். அவர் பேனா எழுதவில்லை. இந்திராணி தன் பேனாவை நீட்டினாள்.

"பேரு?"

"வெங்கடலட்சுமி." அவள் வரப்பில் உட்கார்ந்திருந்த பொன்னியம்மாளைப் பார்த்தாள், தலை குனிந்து நின்ற பெண்களைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"கங்கையா பொண்டாட்டின்னு சேர்த்து எழுதுங்க சார்."